மந்தியின் இருமலும் வந்து சேராத முதல் பாக்கெட்டும்

ஒரு காட்டில், புலியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்னால் எல்லோருக்கும் ஓர் இருமல் கேட்கும்.

கஹ். கஹ். கஹ்.

அவ்வளவுதான். புல்வெளியில் மேய்கிற மான்கள் வாயில் இருக்கும் புல்லை மென்று முடிக்காமலே கிளம்பிவிடும். முயல் வளைக்குள் போகும். மயில் மரத்துக்குப் போகும். காட்டுப்பன்றி மட்டும், "காலங்காத்தால யாரது" என்று முனகிக்கொண்டே புதருக்குள் நகரும். கொஞ்ச நேரம் கழித்துப் புலி வந்து பார்த்தால் புழுதி இருக்கும், ஆறாத புழுக்கை இருக்கும், சாப்பாடு இருக்காது.

இருமுவது வெள்ளையம்மா என்கிற மந்தி. முகம் அடுப்புக்கரி. பெயர் வைத்தவர்கள் அன்றைக்கு வாலை மட்டும் பார்த்திருக்க வேண்டும். ஓடைக்கரை அத்திமரத்தின் உச்சிக் கிளை அவளுடைய இடம். அங்கே உட்கார்ந்தால் சரிவு முழுக்கத் தெரியும். அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்தப் பழத்தையும் முழுசாகத் தின்ன மாட்டாள். பாதி கடிப்பாள், மீதியைக் கீழே போடுவாள். அந்த மீதிக்காகவே மரத்தடியில் பூரணி என்கிற புள்ளிமான் நிற்பாள்.

"மேல உக்காந்து எச்சில எறியறதுக்குப் பேரு தானமாடி?" என்பாள் பூரணி, வாய் நிறையப் பழத்தோடு.

"பிடிக்கலைன்னா நகந்துக்க. இல்லேன்னா நேரா மண்டையில விழும்" என்பாள் வெள்ளையம்மா.

இப்படியே போய்க்கொண்டிருந்தது. மேலே கண், கீழே மூக்கு. புலி வெட்டவெளியில் வந்தால் மந்தி இருமுவாள். புதருக்குள் பதுங்கி வந்தால் மானுக்கு வாடை அடிக்கும், அவள் முன்னங்காலால் தரையை ஓங்கி உதைப்பாள். யாரும் யாரிடமும் பாடம் கேட்டதில்லை. யாரும் யாருக்கும் நன்றி சொன்னதுமில்லை.

காட்டில் ஒருவருக்குத்தான் இதில் குறை இருந்தது. அவர் காட்டு மன்றத்துக்கு மனு போட்டார்.

"என் வருகையைப் பற்றி உறுதி செய்யப்படாத தகவல்கள் பரப்பப்படுகின்றன. அனுப்பியவர் பெயர் இல்லை. யாருக்கு என்ற முகவரி இல்லை. வந்தது நான்தானா என்று இதுவரை யாரும் என்னிடம் கேட்டதும் இல்லை. இதனால் நான் மனதளவிலும் வயிற்றளவிலும் பாதிக்கப்பட்டிருக்கிறேன்."

மன்றத்தில் உட்கார்ந்திருந்த யானைகளுக்குப் புலியால் ஆபத்து கிடையாது. அதனால் அவர்களால் நடுநிலையோடு யோசிக்க முடிந்தது. நன்றாக யோசித்து ஓர் உத்தரவு போட்டார்கள். அடுத்த மழைக்காலத்திலிருந்து, வனப் பல்கலைக்கழகத்தில் 'நெட்வொர்க் அடிப்படைகள்' என்ற பாடத்தில் பாஸ் ஆனவர்கள் மட்டுமே பொது இடத்தில் தகவல் அனுப்பலாம். இருமுகிறவர் பாஸ் ஆகாவிட்டால் அவருடைய கிளை காலி செய்யப்படும்.

வெள்ளையம்மா அன்றைக்குப் பழம் எதையும் கடிக்கவில்லை. இருமுவதைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் தெரியாது. அந்தக் கிளையைத் தவிர வேறு கிளையில் அவளுக்கு உறக்கம் வராது.

"இந்த வயசுல காலேஜா?" என்றாள் பூரணி கீழேயிருந்து.

"நீயும் வரணும். லேப்புக்கு ரெண்டு பேர் வேணுமாம். அனுப்ப ஒருத்தர், வாங்க ஒருத்தர்."

"நீ இருமுவே, நான் ஓடுவேன். இதுல படிக்க என்னடி இருக்கு?"

"அதைத்தான் போய்ப் பாப்போம்."

"கிளை போயிட்டா எனக்குப் பழம் யாரு போடுவா? அதுக்காக வரேன். படிப்புக்காக இல்ல." பூரணி காதை ஆட்டி ஈயை விரட்டினாள். "ஆனா முன் பெஞ்சுல உக்கார மாட்டேன்."

பல்கலைக்கழகம் மலையடிவாரத்தில், மனிதர்கள் கைவிட்டுப் போன ஒரு பங்களாவில் இருந்தது. பாடம் எடுத்தவர் முனைவர் கூர்மநாதன், ஆமை. எப்போதோ எழுதிய நோட்ஸை வைத்து வாசிப்பார், மாணவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். வேகமாக எழுதுகிறவர்கள் அவர் அடுத்த சொல்லுக்கு வருவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழலாம். அவர் ஒருமுறைகூட லேப் பக்கம் போனதில்லை. வெறுப்பெல்லாம் இல்லை. போய்ச் சேருவதற்குள் பீரியட் முடிந்துவிடும்.

"நெட்வொர்க்குக்கு அடுக்கு ஏழு" என்று தொடங்கினார்.

"ஏன் சார் ஏழு?" என்றாள் பூரணி கடைசி பெஞ்சிலிருந்து.

"அப்படிக் கேட்கக் கூடாதும்மா. கேட்டால் எட்டாக்கிவிடுவார்கள். மனப்பாடம் செய்யுங்கள்."

செய்தார்கள். ஏழு அடுக்கையும் மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் சொல்லப் பழகினார்கள். எந்த அடுக்கில் எது நடக்கிறது என்பது மட்டும் யாருக்கும் விளங்கவில்லை. அது தேர்வுக்கு வராது என்று சீனியரான நத்தை சொன்னதால் அதை விட்டுவிட்டார்கள். நத்தைக்கு அரியர் நிறைய. எந்தக் கேள்வி வராது என்பதில் அவர் சொன்னால் சரியாக இருக்கும்.

லேப்புக்குப் பூட்டு போட்டிருந்தது. சாவி தவசிக்கனி என்ற பெருச்சாளியிடம் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே விளக்கு மினுக்குகிற ஒரு பெட்டியும், சுருட்டி வைத்த நீலக் கேபிளும் தெரியும்.

"அண்ணே, ஒரு தடவை கேபிளைத் தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டாள் வெள்ளையம்மா.

"தொட்டா கெட்டுப்போகும்மா. பரீட்சைக்குன்னு பத்திரமா வச்சிருக்கேன்." தவசிக்கனி வாயைத் துடைத்துக்கொண்டார்.

"போன வாரம் இதைவிட நீளமா இருந்துச்சே அண்ணே."

"வெயிலுக்குச் சுருங்கும்."

அடுத்த வாரம் இன்னும் சுருங்கியிருந்தது. தவசிக்கனியின் மீசையில் நீலமாக ஏதோ ஒட்டியிருந்தது. அதைப் பற்றிக் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. இன்டர்னல் மார்க்கில் அவருடைய கையும் உண்டு.

பாடங்களில் முக்கியமானது கைகுலுக்கல். கூர்மநாதன் அதற்கு மட்டும் நோட்ஸிலிருந்து தலையைத் தூக்கினார்.

"எடுத்த எடுப்பில் செய்தி சொல்லக் கூடாது. முதலில், நான் பேசலாமா என்று கேட்க வேண்டும். அவர், பேசலாம், நான் பேசினால் உனக்குக் கேட்குமா என்பார். நீ, கேட்கும் என்பாய். இதுதான் கைகுலுக்கல். இதற்குப் பிறகுதான் செய்தி."

"சார், அதுக்குள்ள புலி வந்துட்டா?" என்றாள் வெள்ளையம்மா.

"அதற்குப் பெயர் இணைப்பு துண்டிப்பு. வேறு பாடம்."

அடுத்தது பாக்கெட். செய்தியை அப்படியே அனுப்புவது காட்டுமிராண்டித்தனம். துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு வழியில் அனுப்ப வேண்டும். துண்டுகள் முன்னே பின்னே வரலாம். வாங்குகிறவர் எல்லாத் துண்டும் வரும் வரை காத்திருந்து, வரிசையாக அடுக்கி, பிறகுதான் படிக்க வேண்டும். படித்ததும் 'கிடைத்தது' என்று பதில் அனுப்ப வேண்டும். பதில் அனுப்புவதற்கு முன் வாங்குகிறவர் இடத்தை விட்டு நகர்ந்தால் அனுப்பியவருக்கு மார்க் கிடையாது.

"ஒரு துண்டு வரவே இல்லேன்னா சார்? திரும்ப அனுப்பலாமா?"

"அனுப்பலாம். ஆனால் அது கடைசி யூனிட். நேரம் இல்லாததால் இந்த ஆண்டு அதை விட்டுவிட்டோம்."

முதல் இன்டர்னலில், 'ஆபத்தை அறிவிக்கும் முறையை விளக்குக' என்று கேட்டிருந்தார்கள். பெரிய கேள்வி. வெள்ளையம்மா நிறைய யோசித்து, 'கஹ்' என்று எழுதிவிட்டு வந்தாள். பூஜ்யம் போட்டிருந்தார்கள். 'படம் வரையவில்லை' என்று ஓரத்தில் எழுதியும் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். ஒருநாள் வகுப்பு நடக்கும்போதே ஜன்னலுக்கு வெளியே, கோரைப்புல்லுக்கு நடுவில் மஞ்சளாக ஒன்று நகர்ந்தது. வெள்ளையம்மா யோசிக்கவே இல்லை. கஹ், கஹ், கஹ். வகுப்பே காலியாகிவிட்டது. கூர்மநாதன் ஓட்டுக்குள் போனார். எல்லோரும் பிழைத்தார்கள். மறுநாள் விசாரணை வைத்தார்கள்.

"யாருக்கு அனுப்பினாய்?" என்றார் கூர்மநாதன்.

"எல்லாருக்கும்தான் சார்."

"எல்லாருக்கும் என்றால் யாருக்கும் இல்லை என்று பொருள். முகவரி எங்கே? கைகுலுக்கல் எங்கே? கிடைத்தது என்று யாராவது பதில் போட்டார்களா?"

"ஓடிட்டாங்க சார். ஓடினதே பதில் தானே?"

காட்டுப்பன்றி எழுந்து நின்றது. "சார், நான் இந்தக் கோர்ஸ்லயே சேரலை. வெளியில கிழங்கு தோண்டிக்கிட்டிருந்தேன். எனக்கு வர வேண்டாத செய்தி எனக்கு வந்திருக்கு. பயந்து ஓடினதுல கிழங்கு போச்சு. இதுக்கு யார் பொறுப்பு?"

பன்றிக்குக் கிழங்கும், வெள்ளையம்மாவுக்குக் கடைசி எச்சரிக்கையும் வழங்கப்பட்டன.

அன்று மரத்துக்குத் திரும்பியவள், உச்சிக் கிளையில் வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தொண்டையில் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அதை விழுங்கப் பழக வேண்டும் என்று முடிவு செய்தாள்.

"பூரணி."

"என்னடி?"

"நான் பேசலாமா?"

பூரணி தலையைத் தூக்கிப் பார்த்தாள். வழக்கமாக இருந்தால் ஏதாவது குத்தலாகச் சொல்லியிருப்பாள். அன்று வெள்ளையம்மாவின் முகம் சரியில்லை.

"பேசலாம். நான் பேசினா உனக்குக் கேக்குமா?"

"கேக்கும்."

இப்படித்தான் பழக ஆரம்பித்தார்கள். வெள்ளையம்மா ஒரு பழத்தை மூன்றாகக் கடித்து எண் சொல்லிப் போடுவாள். வேண்டுமென்றே மூன்றாவதை முதலில் போடுவாள். முதல் துண்டு விழும் வரை பூரணி தின்னக் கூடாது. ஆரம்பத்தில் பூரணிக்கு அது முடியவில்லை. மூன்றாவது துண்டு விழுந்ததும் வாய் தானாகப் போய்விடும்.

"அடியே, வரிசை."

"வயித்துக்குள்ள போய் வரிசையா அடுக்கிக்கிறேன்டி."

"பரீட்சை நடத்த வர்ற எக்ஸ்டர்னல் முன்னாடி இப்படிச் சொல்லுவியா? எனக்கு மார்க் போயிடும்."

அதிலிருந்து பூரணி தின்னவில்லை. மூன்றாவது துண்டும் இரண்டாவது துண்டும் காலடியில் கிடக்கும். ஈ மொய்க்கும். எச்சில் ஒழுகும். அவள் நிமிர்ந்து நின்று முதல் துண்டுக்காகக் காத்திருப்பாள். ஒருநாள் வெள்ளையம்மா வேண்டுமென்றே முதல் துண்டைப் போடாமல் கிளையில் தூங்கிவிட்டாள். கண் விழித்துப் பார்த்தால் பூரணி அதே இடத்தில், அதே நிற்பில் நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளையம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "உன்னை மாதிரி ஒரு பெறுநர் இந்த யுனிவர்சிட்டியிலயே கிடையாதுடி" என்றாள்.

"முதல்ல அந்தத் துண்டைப் போடு" என்றாள் பூரணி.

பிராக்டிகல் நெருங்கியது. காட்டில் எந்தப் பல்கலைக்கழகத்திலும் நடப்பதுதான் இங்கும் நடந்தது. நெட்வொர்க்கைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கவலை முழுக்க எக்ஸ்டர்னலுக்கு மதியம் என்ன சாப்பாடு போடுவது என்பதில்தான் இருந்தது. வெளியிலிருந்து தேர்வு நடத்த வருகிறவர் திருப்தியாகச் சாப்பிட்டால் வகுப்பே பாஸ். சாப்பாடு ஆறிப்போயிருந்தால் வைவாவில் ஏழு அடுக்கையும் உரிப்பார்.

"இந்த வருஷம் எக்ஸ்டர்னல் யார் சார்?" என்று கேட்டார்கள்.

"ரகசியம். மேலிடம் அனுப்புகிறது. நீங்கள் ஆளுக்கு ஏதாவது கொண்டு வாருங்கள்." கூர்மநாதன் அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாகப் பேசினார். "போன வருஷம் கரடி வந்தார். தேன் குறைந்ததால் மூன்றாம் பெஞ்சு முழுக்க அரியர்."

வெள்ளையம்மா ஒரு மடி அத்திப்பழம் கொண்டு வந்தாள். அணில் கொட்டை கொண்டு வந்தது. ஓணான் ஓர் இலையில் ஈசல் கட்டி வந்தது. நத்தை முந்தைய தேர்வுக்கே ஏதோ கொண்டு வரக் கிளம்பி, அதோடு இப்போதுதான் வந்து சேர்ந்தது.

கதவு திறந்தது. முதலில் நறநறவென்று நகத்தைத் தரையில் தேய்க்கும் சத்தம். பிறகு மீசை. பிறகு மஞ்சளும் கறுப்பும்.

"வணக்கம். நான் முனைவர் வரிவேந்தன்" என்றது புலி. "ஓடைக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறேன். அதனால் எக்ஸ்டர்னல்."

வெள்ளையம்மாவின் தொண்டையில் அந்தப் பழைய அரிப்பு ஏறியது. அவள் விழுங்கினாள். விழுங்க முடிந்தது.

"சார், கொஞ்சம் சாப்பாடு" என்று கூர்மநாதன் ஓட்டுக்குள்ளிருந்து சொன்னார்.

வரிவேந்தன் அத்திப்பழத்தை முகர்ந்து பார்த்தார். ஈசலை முகர்ந்து பார்த்தார். "இதெல்லாம் எதற்குச் சிரமம்? நான் எளிமையான ஆள். முதலில் தேர்வு, பிறகு சாப்பாடு." அவர் பார்வை பூரணியின் மேல் கொஞ்ச நேரம் நின்று, பிறகு மரியாதையாக ஜன்னல் பக்கம் போனது. "எங்கே உங்கள் கேபிள்?"

தவசிக்கனி லேப்பைத் திறந்தார். கேபிள் இருந்த இடத்தில் ஒரு கொக்கி மட்டும் இருந்தது.

"கேபிள் இல்லாவிட்டால் என்ன? மாணவர்களே கேபிள்" என்றார் வரிவேந்தன் பெருந்தன்மையாக. தவசிக்கனி கையெடுத்துக் கும்பிட்டார்.

சீட்டு குலுக்கினார்கள். வெள்ளையம்மாவுக்கு வந்த கேள்வி: உயரமான இடத்திலிருந்து புல்வெளியில் உள்ள பெறுநருக்குச் செய்தி அனுப்பிக் காட்டுக. செய்தி: புலி தெற்கிலிருந்து வருகிறது.

வரிவேந்தன் கேள்வியை இரண்டு முறை படித்தார்.

"நல்ல கேள்வி. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. செய்தி உண்மையாக இருக்க வேண்டாமா? பொய்ச் செய்தி அனுப்ப மாணவர்களைப் பழக்குவது எனக்குப் பிடிக்காது. நான் தெற்கே போய் அங்கிருந்து நடந்து வருகிறேன். எனக்கும் காற்று வாங்கினது போல இருக்கும்."

"சார்" என்றாள் வெள்ளையம்மா. "சார், பூரணி அங்க தனியா நிக்கணும்."

"ஐயோ, என்னம்மா இப்படி. நான் எக்ஸ்டர்னல். தேர்வு முடிவதற்குள் அப்படியெல்லாம் செய்வேனா?"

"பெரிய இடத்து ஆள்மா" என்று ஓட்டுக்குள்ளிருந்து கூர்மநாதன் கிசுகிசுத்தார். "இப்படிக் கேட்கலாமா?"

பாக்கெட்டுகள் போகும் வழியை வரிவேந்தனே பிரித்துக் கொடுத்தார். மூன்றாவது பாக்கெட் ஓணானுக்கு. கைகுலுக்கலையும் பதில்களையும் கொண்டுபோய்க் கொண்டுவருவதும் ஓணான்தான். இரண்டாவது பாக்கெட் அணிலுக்கு. "முதல் பாக்கெட் முக்கியமானது. அதை நிதானமானவரிடம் கொடுப்போம்" என்று நத்தையைப் பார்த்துச் சிரித்தார்.

"சார், நத்தையா?" என்றாள் வெள்ளையம்மா.

"எந்தப் பாக்கெட் எந்த வழியில் போகும் என்று அனுப்புகிறவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தும் நீ பேசாமல் இருப்பதாக நான் எடுத்துக்கொள்கிறேன்."

வெளியே வந்ததும் வெள்ளையம்மா பூரணியின் பக்கத்தில் குனிந்தாள். "வேண்டாம்டி. நான் அரியர் வாங்கிக்கிறேன்."

"அரியர் வாங்கினா கிளை?"

"வேற கிளை பாத்துக்கிறேன்."

"வேற கிளையில உனக்குத் தூக்கம் வராது. நடுராத்திரி கீழ விழுந்து என் தலையில கிடப்ப." பூரணி புல்வெளியைப் பார்த்து நடந்தாள். கொஞ்சதூரம் போய்த் திரும்பினாள். "நல்லா நறுக்கி அனுப்பு. நீ பாஸ் ஆகிற வரைக்கும் நான் அசைய மாட்டேன்."

வெள்ளையம்மா அத்திமரத்தின் உச்சிக்கு ஏறினாள். அங்கிருந்து எல்லாம் தெரிந்தது. புல்வெளியின் நடுவில் பூரணி. அவளைச் சுற்றி, பாடத்தில் சேராத மான்கூட்டம் அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தது. தெற்கே கோரைப்புல் ஒரு கோடாகப் பிரிந்து வந்துகொண்டிருந்தது.

"நான் பேசலாமா?" என்றாள். ஓணான் ஓடியது.

"பேசலாம். நான் பேசினா உனக்குக் கேக்குமா?" ஓணான் மூச்சிரைக்கத் திரும்பி வந்து சொன்னது.

"கேக்கும்." ஓணான் மறுபடி ஓடியது. 'வருகிறது' என்ற மூன்றாவது பாக்கெட்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு ஓடியது. அணில், 'தெற்கிலிருந்து' என்பதை வாயில் கவ்விக்கொண்டு கிளைக்குக் கிளை தாவியது. நத்தை, 'புலி' என்பதை முதுகில் ஏற்றிக்கொண்டு அத்திமரத்தின் அடித்தண்டில் கிளம்பியது. பார்த்தால் கிளம்பியதா இல்லையா என்று சொல்ல முடியாது.

ஓணான் பூரணியிடம் போனது தெரிந்தது. அணில் போனது தெரிந்தது. பூரணியின் காலடியில் இரண்டு துண்டுகள். தெற்கிலிருந்து, வருகிறது. எது என்று முதல் துண்டுதான் சொல்ல வேண்டும். பூரணி நிமிர்ந்து நின்று காத்திருந்தாள்.

கோரைப்புல் கோடு நெருங்கியது. காற்று அந்தப் பக்கமிருந்துதான் வந்தது. வாடை அடித்திருக்க வேண்டும். பூரணியின் மூக்கு விடைப்பதை வெள்ளையம்மா அவ்வளவு உயரத்திலிருந்தும் பார்த்தாள். பூரணி முன்னங்காலைத் தூக்கினாள். தரையை உதைப்பதற்காகத் தூக்கின கால். அது அந்தரத்தில் நின்றது. பிறகு பூரணி அதைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

வெள்ளையம்மா கீழே பார்த்தாள். நத்தை வேரைத் தாண்டியிருக்கவில்லை.

அவள் விழுங்கினாள். ஒருமுறை போனது. மறுபடி விழுங்கினாள். போகவில்லை.

கஹ். கஹ். கஹ்.

காடு முழுக்கக் கேட்டது. பாடத்தில் சேராத மான்கள் அத்தனையும் ஒரே எட்டில் பறந்தன. வாயில் புல்லோடு பறந்தன. முயல் வளைக்குள் போனது. மயில் மரத்துக்குப் போனது. பன்றி முனகிக்கொண்டே புதருக்குள் நகர்ந்தது. புல்வெளி காலியானது.

பூரணி மட்டும் நின்றாள். இருமல் வந்த திசையை ஒரு தரம் பார்த்தாள். பக்கத்திலிருந்த ஓணானிடம் ஏதோ சொன்னாள். பிறகு கழுத்தை நேராக்கிக்கொண்டு, முதல் துண்டு வர வேண்டிய பாதையைப் பார்த்து நின்றாள்.

வெள்ளையம்மா இருமினாள். இருமிக்கொண்டே இருந்தாள். இருமி முடித்தபோது தெற்கிலிருந்து வந்த கோடு புல்வெளியின் நடுவில் போய் நின்றிருந்தது.

சாயங்காலம் ரிசல்ட் சொன்னார்கள். வரிவேந்தன் மீசையை நக்கிக்கொண்டு மெதுவாகப் பேசினார். நல்ல மனநிலையில் இருந்தார். வைவா யாருக்கும் வைக்கவில்லை.

"பெறுநருக்கு முழு மார்க். நான் எத்தனையோ காடுகளில் தேர்வு நடத்தியிருக்கிறேன். கடைசி வரை இணைப்பில் இருந்த ஒரே மாணவி. எனக்கு மிகவும் பிடித்திருந்தது." அவர் மீசையை மறுபடி நக்கினார். "அனுப்புநர், இடையில் முகவரி இல்லாமல் ஒலிபரப்பு செய்திருக்கிறார். பல பேர் கலைந்து போனார்கள். அரியர்."

"சார், சாப்பாடு" என்று இழுத்தார் கூர்மநாதன்.

"ஆயிற்று" என்றார் வரிவேந்தன்.

கூர்மநாதன் காலையிலிருந்து முதல் முறையாகத் தலையை முழுசாக வெளியே நீட்டினார்.

எல்லோரும் போன பிறகு ஓணான் அத்திமரத்தில் ஏறி வந்தது. அதற்கு நிறம் இன்னும் திரும்பவில்லை. "அக்கா, ஒரு பதில் பாக்கி இருக்கு. அங்கிருந்து வர முடியாம ஒளிஞ்சிருந்தேன். அதான் லேட்டு."

"சொல்லு."

"நீங்க இருமினப்ப பூரணியக்கா சொன்னாங்க. எக்ஸ்டர்னல் கேட்டா அது இருமல் இல்ல, அவளுக்கு ஜலதோஷம்னு சொல்லிடு. முதல் துண்டு வரட்டும், நான் நிக்கிறேன். அவ பாஸ் ஆகணும். இவ்வளவுதான்." ஓணான் வழக்கப்படி தலையை ஆட்டியது. "கிடைத்ததுன்னு நீங்க சொல்லணும் அக்கா. சொன்னாதான் நான் போகலாம்."

வெள்ளையம்மா காலியான புல்வெளியைப் பார்த்தாள். ஓணான் காத்திருந்தது.

"கிடைத்தது" என்றாள்.

மறுநாள் கூர்மநாதன் மரத்தடிக்கு ஆறுதல் சொல்லக் கிளம்பி, மழை தொடங்கியபோது வந்து சேர்ந்தார். அரியர் இருப்பவர்கள் கிளையில் இருக்கலாம், இருமத்தான் கூடாது என்று மன்றத்தில் பேசி வாங்கியிருந்தார். அதைச் சொன்னார். அடுத்த தேர்வுக்கும் அதே எக்ஸ்டர்னல்தான், அவரே விரும்பிக் கேட்டு வருகிறார் என்பதையும் சொன்னார்.

"பெறுநரை மட்டும் நீயே ஏற்பாடு செய்துகொள். கொஞ்சம் பொறுமையான பிள்ளையாகப் பார்."

அவர் திரும்பிப் போகும் வழியில் நத்தையைத் தாண்டிப் போனார். ஆமை வாழ்க்கையில் தாண்டிய ஒரே ஆள். நத்தை 'புலி' என்ற பாக்கெட்டோடு புல்வெளியின் விளிம்பை அடைந்திருந்தது. எதிரே வந்த பன்றியை நிறுத்தி, "இங்க பெறுநர் யாருங்க?" என்று கேட்டது. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பன்றி விலகிப் போனது.

மழை விட்டதும் மான்கள் ஒவ்வொன்றாகப் புல்வெளிக்குத் திரும்பின. சில அத்திமரத்தின் அடியில் வந்து ஒதுங்கின. அதில் ஒன்று அண்ணாந்து பார்த்துக் கேட்டது:

"ஏக்கா, இனிமே இருமல் உண்டா இல்லையா? சொல்லிட்டா நாங்க பாத்து மேய்வோம்."

வெள்ளையம்மா தெற்கே கோரைப்புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டி ஒரு பழத்தைப் பறித்தாள். பாதி கடித்தாள். மீதியைக் கீழே போட்டாள்.

நீதி: எக்ஸ்டர்னல் பசியோடு வரும் நாளில் நன்றாகப் படித்தவரை மட்டுமே நம்ப முடியும், மற்றவர்கள் ஓடிவிடுவார்கள்.